பெரிய கட்டம்

நேற்று சாயங்காலம் நகரி ஆற்று வரைபடத்தின் மேல் அகிலா போட்டுவைத்த சின்னச் சின்னக் கட்டங்களைக் காலையில் காணவில்லை. அந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய கட்டம் கம்ப்யூட்டர் திரையை அடைத்துக்கொண்டிருந்தது.

இது இரண்டாவது முறை. முதல் முறை தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்து, பொறுமையாகத் திரும்பப் போட்டாள்.

திருப்பதி மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்தின் புது வேலையே அதுதான். ஆற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தால், சாயக்கழிவு எங்கே எவ்வளவு கலக்கிறதென்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். கட்டம் சின்னதாக இருந்தால் எந்தச் சாயப்பட்டறை வாசலிலிருந்து வருகிறது என்பதுவரை தெரிந்துபோகும். பெரிதாக்கிவிட்டாலோ, ஆற்றுத் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும்.

அந்தக் கட்டங்களை மாற்ற முடிந்தவர்கள் இரண்டே பேர். அவளை விட்டால் ஹரிபிரசாத். போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த புத்தூர்ப் பையன், அதிர்ந்து பேசாதவன்.

போன் அடித்தது. நகரியிலிருந்து அவள் அப்பா. பின்னால் சாய நூல் அலசும் தண்ணீர்ச் சத்தம்.

"இன்னிக்கு ஆபீசுலதான் கீறியாம்மா, இல்ல வெளிய எங்கனா போறியா?"

கொஞ்ச நாளாகவே இந்த விசாரிப்பு. மகள் வெயிலில் அலைகிறாளே என்ற கவலை. "ஆபீசுலதான் நைனா, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டு, நேராக வாசல் கேட்டுக்குப் போனாள்.

"பாலையாண்ணா, ஹரியைத் தேடிக்கினு யாராச்சும் வந்தாங்களா?"

வாட்ச்மேன் யோசித்தார். "வந்தாரும்மா ஒருத்தரு. போன வாரம், நீங்க வரதய்யபாளையம் போயிருந்தீங்களே, அன்னிக்கு. நகரி பஸ்ல வந்தேன்னாரு. ரெண்டு பேரும் அந்த மரத்தாண்ட ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாங்க."

அகிலாவுக்குப் புரிந்துவிட்டது. எவனோ ஒரு பட்டறைக்காரன் பையனை வளைத்துப் போட்டுவிட்டான். அதிகாரி ஆதிநாராயணனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஹரிபிரசாத்தை அறைக்குக் கூப்பிட்டார்.

அவன் மழுப்பவில்லை. "நான்தான் சார் மாத்தினேன். தப்புதான்."

"யார் சொல்லி?"

ஹரிபிரசாத் அகிலாவை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "ரொம்பக் கெஞ்சினாரு சார். மனசு கேக்கல. என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க, பேரை மட்டும் கேக்காதீங்க."

"சரி, ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார் ஆதிநாராயணன். அவருக்கு அது போதும்.

அகிலாவுக்குப் போதவில்லை. "அப்டி விடக் கூடாது சார். கீழ இருக்கற ஊருங்கல்லாம் அந்தத் தண்ணியைத்தான் குடிச்சிக்கினு கீறாங்க. யாருன்னு தெரிஞ்சே ஆவணும்."

அவன் கதவைத் தாண்டிப் போய்விடாதபடி எதிரில் வந்து நின்றாள்.

"யாரா இருந்தாலும் நான் விடமாட்டேன் ஹரி. பயப்படாம பேரைச் சொல்லு."

அவன் அதிகாரி பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னான்.

"உங்க நைனா, மேடம்."