சாய்தளத்தில் சாமை

போளூர்க் குழுவின் நாடகம் தொடங்க ஐந்தே நிமிடம் இருந்தது. மலையிலிருந்த அந்தச் சின்ன அரங்கின் சாய்தளம் முழுக்கச் சாமை காய்ந்துகொண்டிருந்தது.

"இதுமேல எப்டிங்க ஏறி வர்றது?" சக்கர நாற்காலியில் இருந்தபடியே சிவசங்கரி கத்தினாள்.

"முன்வரிசையில நாலு சேரை எடுத்துட்டு உங்களுக்கு எடம் வுட்டிருக்கேங்க," என்றார் அரங்கப் பொறுப்பாளர் சின்னராஜ்.

"அங்க பறந்தா வர்றது? ரெண்டு வருசம் மனு குடுத்து நான் வாங்குன சாய்தளம் இது! எந்த வூட்டுச் சாமை? கூப்புடுங்க அவங்கள!"

"வேணாங்க..."

"இன்னா பயம்? பேரச் சொல்லுங்க!"

சின்னராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க மாமியாருதாங்க. 'எம்மருமவ மனு போட்டு வாங்குன எடம், எவன் கேப்பான்?'னு காலையில கொட்டிட்டுப் போனாங்க."