கடல் பக்கத்து ரூம்

"ஊட்டி, கொடைக்கானல்லாம் வேணாம், கிரீஸ் தீவுதான்னு ஒத்தக்கால்ல நின்னே, சரி. கடல் தெரியற ரூம் எதுக்குடி? மரக்காணத்துல பாக்காத கடலா..."

"கடல் பக்கம்தாங்க. எழுதியாச்சு."

பாண்டிச்சேரி பிரவுசிங் சென்டரில் எடுத்துவந்த ஓட்டல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள் ரேணுகா. அவள் புருஷன், உப்பளக்காரர் சடையப்பன் விடவில்லை.

"மாடின்னா என் முட்டி தாங்காது. கீழ கேளு."

"மாடிதான்."

"வைகாசியில உப்பு வாருற நேரம். ஐப்பசி மழையில போலாம்."

"ஐப்பசிக்கு சீசன் முடிஞ்சு அந்த ஓட்டலையே மூடிடுவாங்களாம். வைகாசிதான்."

"சோத்துக்கு என்னா பண்றது?"

"சாம்பார் வெச்சுத் தர அங்க ஆள் இருக்குது."

"கிரீஸ்ல சாம்பார் வெக்கறவன் எவன்டி?"

"நம்ம செந்தமிழ். மூணு வருஷமா அந்த ஓட்டல் சமையல்கட்டுலதான் இருக்கான்."

சடையப்பன் உட்கார்ந்துவிட்டார். உப்பளத்தை விட்டுக் கரண்டி பிடிக்கப் போன மகனை, ஊரறியத் தலைமுழுகியவர் அவர்.

முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்போ... கீழ ரூம் கிடைக்காதா?"

ரேணுகா படிவத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஒரு கட்டில்னுதான் எழுதியிருக்கேன், எனக்கு மட்டும். ரெண்டா மாத்தணும்னா, இந்தாங்க அவன் நம்பர். நீங்களே பேசுங்க."