நடுப்பக்கம்

கட்டுரைப் பரீட்சையில் ஜெசிந்தா முன்னுரை எழுதியதும் நடுவில் ஒரு பக்கத்தை வெறுமனே விட்டு, முடிவுரைக்குத் தாவிவிடுவாள். மணி அடித்துவிடுமோ என்று அவ்வளவு பயம். பொருளுரையெல்லாம் அப்புறம்தான். பக்கத்திலிருந்த பரிமளத்துக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

அந்த ஜெசிந்தாவின் மகளுக்கு இன்று கல்யாணம். எத்தனையோ வருடம் கழித்து, மாதா கோயில் வாசலில் பரிமளம் அவள் கையைப் பிடித்தாள்.

“ஏட்டி, இத்தனை வருஷமா எப்படி இருந்த?”

“ஸ்கூல் முடிஞ்சதும் என்னையக் கட்டிக் குடுத்தாவ. இன்னைக்கு மகளக் கட்டிக் குடுக்கேன்.”

“நடுவுல?”

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் கோயில் மணி அடித்தது. உள்ளே கூப்பிட்டார்கள். விடைத்தாளைக் கொடுக்க மனமில்லாதவள்போல, பரிமளத்தின் கையை ஜெசிந்தா விடவேயில்லை.

“சாயங்காலம் வரைக்கும் போயிராதட்டி.”