கம்பளியில் வந்த துண்டு

பாண்டித்துரை வெல்டு செய்து அனுப்பிய சோதனைத் துண்டு இரண்டு தடவை தோற்றிருந்தது. மூன்றாவதும் தோற்றால், சூரியநெல்லி மலைச்சரிவில் தண்ணீர்க் குழாய் இணைக்கும் வேலை அவனுக்குக் கிடையாது. கஞ்சிக்கோட்டு ஆய்வகத்தில் சோதனை பார்க்கும் கற்பகத்துக்கே கவலையாக இருந்தது.

இந்த முறை துண்டு எஸ்டேட் கம்பளியில் சுற்றி வந்தது. பிரித்தால் வெதுவெதுப்பாக இருந்தது. போன் போட்டாள்.

"ஏனுங்க தம்பி, இதை எப்ப வெல்டு பண்ணுனீங்க?"

"போன வாரம்க்கா. மலைக்குளிருல சட்டுனு ஆறித்தான் ரெண்டு தடவையும் வெறச்சுப்போச்சு. அதான் எங்கம்மா கம்பளியப் போத்தி ஆறவிட்டேன்."

"இன்னும் ஆறலீங்களே!"

அவன் சிரித்தான்.

தண்ணீர் விட்டு அறுத்தாள், தேய்த்து மெருகேற்றினாள். சூடு போகவில்லை. கடினத்தன்மை பார்க்கும் இயந்திரத்தின் வைர முனையை வெல்டு ஓரமாக வரிசையாய் அழுத்தி, விழுந்த தடங்களை அளந்தாள். கடினத்தன்மை எண் முந்நூற்றைம்பதைத் தாண்டக்கூடாது. ஓரிடத்திலும் தாண்டவில்லை.

"பாஸுங்க தம்பி!" என்று அவள் போனில் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையே ஓடிவந்தது.

மார்கழியில் பாண்டித்துரை வீடியோ காலில் வந்தான். புல்லெல்லாம் உறைபனி. குழாயும் மேலிருந்து கீழ்வரை வெள்ளை. அவன் போட்ட இணைப்புகளில் மட்டும் பனி இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் அவற்றில் முதுகைச் சாய்த்து, சிரித்துக்கொண்டே பால் விடாத கட்டஞ்சாயா குடித்தார்கள். ஒருத்தி மட்டும் கம்பளி போர்த்தவில்லை.

"அம்மா, உங்க கம்பளி இங்கதானுங்க இருக்குது. அனுப்பட்டுங்களா?" என்று அவளிடம் கேட்டாள் கற்பகம்.

"வேணாந்தாயி," என்று அந்த அம்மாள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "இங்கன வேர்க்குது."