சுகந்தி போட்ட சாக்பீஸ் கோடு

"பவர் ஸ்டியரிங் பம்ப்பையே மாத்தணும்னு மூணு ஒர்க் ஷாப்புல சொல்லிட்டாங்கம்மா. நீ என்னன்னா டயருக்குக் காத்து அடிச்சிக்கிட்டு இருக்க?"

காரின் சொந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வயது அறுபதை நெருங்கும். கசங்காத வெள்ளைச் சட்டை. இலஞ்சி விலக்கில் ஒரு பெண் நடத்தும் ஒர்க் ஷாப் என்று யாரோ சொல்ல, பாதி நம்பிக்கையோடுதான் தன் இருபது வருடத்துக் காரைக் கொண்டுவந்திருந்தார்.

"முன் டயர்ல காத்து கொறஞ்சாலும் ஸ்டியரிங் கனக்கும் சார்," என்றாள் சுகந்தி, நிமிராமலே. "சின்னதுலேருந்து பாத்துட்டு வரணும். எடுத்த எடுப்புல பம்ப்பு மேல பழி போட்டா அது பாவம்லா?"

பானெட்டைத் திறந்தாள். ஸ்டியரிங் ஆயில் டப்பாவில் ஆயில் அடியில் கிடந்தது. அதுவும் நுரைத்துப் போயிருந்தது. ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். விரல் நனைந்திருந்தது.

"இந்தா இருக்கு. குழாயப் பிடிச்சிருக்க கிளாம்ப் தளந்து ஆயில் ஒழுகுது. அது வழியா காத்து புகுந்துட்டு. அதான் திருப்பும்போது முனங்குது."

புது கிளாம்ப் போட்டு இறுக்கினாள். ஆயில் ஊற்றிவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாகத் திருப்பச் சொன்னாள். முனகல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போனது. கடைசியில் ஒற்றை விரலுக்கே சக்கரம் திரும்பியது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேர் பம்ப்பையே மாற்றச் சொன்ன கோளாறை ஒரு கிளாம்ப்பில் முடித்துவிட்டாளே, கெட்டிக்காரிதான்!

"மத்தவங்க கண்ணுக்கு ஏம்மா இது தெரியல?"

"தெரியாம இல்ல சார். அவசரத்துல சந்தேகம் பெரிய சாமானு மேலதான் போவும். நான் எதையும் ரெண்டு விதமாச் சோதிச்சுப் பாக்காமச் சொல்ல மாட்டேன்."

"அப்ப ஹெட்லைட்டையும் பாத்திரும்மா. அதுதான் பெரிய தொல்ல. ரோடே தெரிய மாட்டேங்கு. போன வாரம் பழைய குற்றாலம் ரோட்டுல ஒரு சைக்கிள்காரர் மேல ஏத்தப் பாத்தேன். ஒரு முழத்துல தப்பிச்சாரு. அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. பல்பு மாத்தியாச்சு. ஃபோகஸைத் தூக்கி வைக்கச் சொல்லியாச்சு. இப்ப எதிர்ல வாரவன்லாம் ஏசிட்டுப் போறான். நாளைக்குக் காலைல ஒம்பது பேரு என்னை நம்பி வாராங்க."

"இந்தச் சின்ன வண்டிக்கு ஒம்பது பேரா சார்?"

அவர் சிரித்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினார்.

சாரல் விட்டு, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுகந்தி முதலில் டிக்கியைக் காலி செய்தாள். "பின்னாடி பாரம் இருந்தா முன்னாடி லைட்டு வானத்தப் பாக்கும் சார்." சுவரிலிருந்து இருபத்தைந்து அடி அளந்து காரை நிறுத்தினாள். ஹெட்லைட்டின் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். லைட்டைப் போட்டால், வெளிச்சம் கோட்டுக்கு ஒரு சாண் மேலே ஏறி நின்றது. ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருகி, இரண்டு பக்க வெளிச்சத்தையும் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே இறக்கி வைத்தாள். இம்மி பிசகவில்லை.

அவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நுணுக்கமான வேலை பார்க்கும் கை எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

"இப்பப் பாருங்க சார். வெளிச்சத்தோட மேல் ஓரம் கத்தியால வெட்டுன மாதிரி நிக்குல்லா?"

"எங்கேம்மா? கலங்கலாத்தான் தெரியுது. ஃபோகஸ் இன்னும் வரல."

சுகந்தி சுவரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு ஹெட்லைட்டை அணைத்தாள்.

"சார், அந்தா டீக்கடை டியூப்லைட்டு. அதைச் சுத்திப் புகை மாதிரி வட்டம் தெரியுதா?"

"தெரியுது."

"இந்தா வாரானே, பைக்கு லைட்டு. அதுல?"

"அதுலயும்... தெரியுது."

"ஊர்ல உள்ள லைட்டுக்கெல்லாம் நான் ஃபோகஸ் மாத்த முடியாதே சார்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க. கோளாறு வண்டில இல்ல, கண்ணுல."

"கண்ணா? எனக்கா?"

அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"தன் முதுகு தனக்குத் தெரியாதுல்லா சார். பயப்படாதீங்க, எங்கம்மாவுக்கும் கண்ணுல புரை விழுந்து இப்படித்தான் இருந்துச்சு. அண்ணன்தான் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயி, சண்முகநாதன்னு ஒரு டாக்டர்ட்ட ஆபரேஷன் பண்ணுனான். அவர நான் நேர்ல பாத்ததில்ல. ஆனா சாமி படத்துக்குப் பக்கத்துல அவரு படத்த வைக்காத கொறதான். எங்கம்மா இப்ப ஊசில தானே நூலு கோக்கா! அவர்ட்டக் காட்டுங்க. நம்பர் தரட்டுமா?"

"நம்பர் இருக்கும்மா."

கண்ணைக் கசக்கிவிட்டு, சாக்பீஸ் கோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு செல்போனை எடுத்தார்.

"நாச்சியார் சிஸ்டர், சண்முகநாதன் பேசுதேன். நாளைக்கு வார ஒம்பது பேருக்கும் கண் ஆபரேஷன் இல்லன்னு சொல்லிருங்க. தியேட்டர்ல லைட்டு மங்கலா இருக்குன்னு ஒரு மாசமா ஒங்களப் போட்டு ஏசுதேன்லா... லைட்டு நல்லாத்தான் இருக்கு."