தவசி திருகிய வளையம்

துப்பாக்கியின் ஸ்கோப்பில் ஏசுவடியான் கண்ணை வைத்தான். எல்லாம் புகையாய் இருந்தது.

கண்ணாடியில் பனி படிந்திருக்கும் என்று நினைத்தான். துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். குறுக்குக் கோடுகள் இரண்டும் தண்ணீரில் ஊறிய நூல்போலத் தடித்துக் கலங்கின.

நாலு நாள் முன்புவரை இந்தத் துப்பாக்கி தவசியுடையது.

தவசி சுடுவான். ஏசுவடியான் பக்கத்தில் படுத்துத் தொலைநோக்கியில் பார்த்துக் காற்றையும் தூரத்தையும் சொல்வான். ஆறு வருடம் அப்படித்தான் போயிற்று. இனி அவன்தான் சுட வேண்டுமாம். ஸ்கோப்பைத் தன் கண்ணுக்குச் சரிசெய்து வைக்கச் சொல்லிவிட்டார் சுபேதார்.

தெரியாத வேலையா என்ன? கல் கட்டிய நூலைத் தூரத்தில் தொங்கவிட்டு, ஸ்கோப்பின் நெடுங்கோட்டை அதோடு சேர்த்துப் பார்த்தான். மயிரிழை கோணல் இல்லை. புருவத்துக்கும் கண்ணாடிக்கும் நாலு விரல் இடைவெளி வேண்டும். குறைந்தால் துப்பாக்கி உதைக்கும்போது புருவம் கிழியும். அதுவும் சரியாக இருந்தது. தவசி பூட்டிய பூட்டு, பிசகுமா?

மிச்சம் இருந்தது கண்ணருகே உள்ள வளையம் ஒன்றுதான். அவரவர் பார்வைக்குத் தக்கபடி திருகிக்கொள்வது. நல்ல கண்ணுக்கு நடுவில் நிற்கும்.

குனிந்து பார்த்தான்.

நடுவில் இல்லை. கிட்டப்பார்வைக்காரர்கள் திருகும் பக்கத்தில், இதற்கு மேல் திரும்பாது என்கிற இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அடப்பாவி. இவ்வளவா?

லேசா மங்குது என்றுதான் தவசி சொல்லியிருந்தான். மாசி மாதம் கண் பரிசோதனை நடந்தது. சுவரில் எழுத்துப் பலகை. வரிசையில் தவசிக்குப் பின்னால் நின்றுகொண்டு கடைசி வரியை ஏசுவடியான்தான் முணுமுணுத்தான். ஐந்தே எழுத்து. டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தவசி கணீரென்று திருப்பிச் சொன்னான். வெளியே வந்ததும் இவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டான்.

"கண்ணாடின்னு எழுதிட்டாய்ங்கன்னா ஸ்டோர்ல கம்பளி மடிக்க விட்டுருவாய்ங்க மாப்ள. அப்பறம் உன்கூட எங்குட்டுப் படுத்துக் கெடக்குறது?"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஸ்கோப்புக்குள் தவசிக்கு இணை கிடையாது. அறுநூறு மீட்டரில் தட்டளவு தகரத்தைச் சொல்லிவைத்துத் தட்டுவான். கண்ணில் இருந்த குறையை இந்த வளையம் விழுங்கிவிட்டிருக்கிறது. தலையைத் தூக்கினால்தான் அவனுக்கு எல்லாம் புகை. அவன் தலையைத் தூக்கியபோது யார் கவனித்தார்கள்?

அன்று அந்தத் தகரத்துக்குக் கறுப்புச் சாயம் அடிக்கத் தவசிதான் போனான். போகும்போது ஒழுங்காகத்தான் போனான். திரும்பி வரும்போது, பனிமலையின் விளிம்பில் நட்டிருந்த சிவப்புக் கொடிக்கு அந்தப் பக்கமாக, கீழே பிடிப்பில்லாத பனித்திட்டில் நடந்தான்.

இங்கிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஏசுவடியான், விளையாடுகிறான் என்று நினைத்தான். தவசி எதில்தான் விளையாடாமல் இருந்தான்?

பிறகு கத்தினான். அறுநூறு மீட்டர். குரல் போய்ச் சேருவதற்குள் காலடியில் பனி உடைந்தது; தவசி பள்ளத்துக்குள் போனான்.

வானம் அன்று துடைத்துவிட்டாற்போல இருந்தது.

நேற்று ஊரிலிருந்து தவசியின் மனைவி போனில் பேசினாள். அழுது ஓய்ந்த குரல்.

"அம்புட்டுத் தூரத்துல கெடக்குறதச் சுடுற மனுசனுக்குக் காலடியில இருந்தது தெரியலையாண்ணே?"

"மூடுபனிம்மா" என்றான். வாயில் வந்தது அதுதான்.

பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. சுபேதார்.

"மத்தியானம் விசாரணைக்கு ஆபீசருங்க வர்றாங்க, ஏசுவடியான். தவசி எப்படிக் கொடியத் தாண்டினான்னு உன்னத்தான் கேப்பாங்க. இந்த ஸ்கோப்பையும் பாக்கணும்னாங்க. அதுல கோளாறு ஏதும் உண்டா?"

வளையத்தை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். உண்மை வெளியே வந்துவிடும். கண் தெரியாததை மறைத்து வேலையில் இருந்தவன் என்று தவசியின் பெயருக்கு நேரே எழுதுவார்கள். அந்த ஐந்து எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது யார் என்றும் கேட்பார்கள்.

காப்பாற்ற நினைப்பது தவசியையா, தன்னையா? அவனுக்கே விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஒரு கோளாறும் இல்ல சாப்."

வளையத்தைப் பிடித்தான். தவசி உலகத்தை எப்படிப் பார்த்தான் என்பதற்கு மிஞ்சியிருந்த சாட்சி இந்த இரும்பு வளையம்தான். மெல்லத் திருகினான். கோடுகள் மெலிந்துகொண்டே வந்தன. நடுவில் வந்ததும் நிறுத்தினான்.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிவப்புக் கொடி நின்றது. துணி ஓரத்துத் தையல்கூடத் தெரிந்தது.

"அன்னைக்கு மூடுபனி சாப்" என்றான். "அதான் கொடி தெரியல அவனுக்கு."

சுபேதாரும் அன்று இங்கேதான் இருந்தார். வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஆமாமா" என்றார். "நல்ல மூடுபனி."

பூட்ஸ் சத்தம் தள்ளிப் போயிற்று.

அவன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொடி மறுபடி கலங்கிப் புகையாய்ப் போயிற்று.

இந்தத் தடவை அவன் கண்ணாடியைத் துடைக்கவில்லை.