சிவப்புக்கல் நெற்றிச்சுட்டி

"நெத்திச்சுட்டி இப்பவே என் கைக்கு வரணும். இல்லாட்டி நாளைக்கு மணவறையில உட்கார மாட்டேன்!"

சுதர்சினி சொன்னதும் கல்யாண வீடே திகைத்துப் போனது. வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"பெரியப்பாகிட்டப் பேசுற பேச்சாடி இது?" அம்மா ஜெயராணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் தலைமுறையில் ஒருத்தி, இந்தியாவிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த சுட்டி அது. அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பெண்கள் அதை வைத்துக்கொண்டுதான் தாலிக்குக் கழுத்தை நீட்டினார்கள். இப்போது அது பெரியப்பா பெரியதம்பியின் அலுமாரியில்.

"மண்டபத்துக்கு நானே கொண்டு வந்து உன் நெத்தியில வைக்கிறேம்மா. கூட்டத்துல தொலைஞ்சிட்டா என்ன செய்றது?"

"என் முறை வந்திருச்சு. என்கிட்டக் குடுங்க."

"தாலி ஏறுறதுக்கு முன்னயே என்ன ஆசை பாருங்க!" சொந்தக்காரி ஒருத்தி எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

தகப்பனில்லாத பிள்ளை. பெரியப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. முகம் சுருங்கியபடியே எடுத்துக் கொடுத்தார். சுதர்சினி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை. கண்டி மண்டபத்தில் மேளம் முழங்கியது.

"பொண்ண அழைச்சிட்டு வாங்க!" ஐயர் அவசரப்படுத்தினார்.

பெண் வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நெற்றியில் வெறும் பொட்டு.

பெரியப்பா பாய்ந்து வந்தார். "சுட்டி எங்கம்மா?"

"பத்திரமா இருக்கு பெரியப்பா."

"எங்க இருக்கு? யார்கிட்டத் தூக்கிக் குடுத்த?"

அவர் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் எழுந்தே விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜெயராணியின் போன் அடித்தது.

"நிலூஷாதான்! அம்மா, எடுங்க, எடுங்க! பெரியப்பாகிட்டக் காட்டுங்க!" சுதர்சினி குதிக்காத குறை.

நிலூஷா அவளோடு வேலை செய்பவள். கூட்டாளி கல்யாணத்துக்கு இன்னும் வந்து சேராதவள், வீடியோ காலில் வந்தாள். போனை அவள் திருப்பியதும் பக்கத்து ஊரான கம்பளையில் ஒரு கோயில் தெரிந்தது. அங்கேயும் மணவறை. மணப்பெண்ணின் நெற்றியில் சிவப்புக்கற்கள் பளபளத்தன.

"யாரு இந்தப் புள்ள?" என்றார் பெரியப்பா.

"பிரேமிளா. யசோதா அத்தையோட மக. அவளுக்கும் இன்னைக்குத்தான் முகூர்த்தம்."

யசோதா பெரியப்பாவின் ஒரே தங்கை. மனசுக்குப் பிடித்தவரோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். இனி இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொன்னவர் பெரியப்பா. அன்றிலிருந்து அவள் பெயரைக்கூட அவர் வாயில் எடுத்ததில்லை.

"கேட்டிருந்தா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க. அத்தைக்குத்தான் குடுத்து வைக்கல, அவங்க மகளாவது வச்சுக்கட்டுமேன்னு நேத்தே நிலூஷாகிட்டக் குடுத்தனுப்பிட்டேன்." சுதர்சினி பெரியப்பாவின் கையைப் பிடித்தாள். "என் கல்யாணத்துக்குத்தான் நீங்க எல்லாரும் வந்திருக்கீங்களே பெரியப்பா."

பெரியப்பா போனை வெடுக்கென்று பறித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

பிறகு மண்டபமே அதிரக் கத்தினார்:

"ஏம்மா நிலூஷா, சுட்டி ஒரு பக்கமா சாயுது பாரு! எங்க யசோதாவக் கூப்பிட்டு நேரா வைக்கச் சொல்லு!"